பெண்டிங் தெருவின் சீனக் காலணிக் கடைகள்

கொல்கத்தாவின் லால்பஜாரிலிருந்து தெற்கே எஸ்பிளனேடு வரை செல்லும் பெண்டிங் தெருவுக்கு முன்பு கசாய்டோலா என்று பெயர். கசாப்புக்காரர்கள் குடியிருந்த பகுதி என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இத்தெரு சீனர்களின் காலணிக் கடைகளுக்குப் பேர்பெற்றுவிட்டது. வெள்ளைக்கார அதிகாரியின் குதிரைச்சவாரி பூட்ஸ் முதல் வங்காள வழக்கறிஞரின் கறுப்பு ஷூ வரை இங்கே காலை அளந்து தைக்கப்பட்டன. கடைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஹக்கா இனத்தவர். தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் மெய்சியன் என்ற மலைப்பகுதி அவர்களின் சொந்த ஊர். ஹக்கா என்றால் விருந்தினர் குடும்பம். சீனாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே வந்து குடியேறியவர்கள் என்பதால் அமைந்த பெயர் அது.

வங்காளத்தில் சீனக் குடியேற்றம் டோங் அச்சியூ என்ற வணிகரிடமிருந்து தொடங்குகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1780 வாக்கில், பஜ்பஜ் அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். ஆலை நிலைக்கவில்லை, அவர் பெயரால் அமைந்த அச்சிப்பூர் மட்டும் நிலைத்தது. அடுத்தடுத்து வந்தவர்கள் நகரத்தின் டிரெட்டா பஜார் பகுதியில் குடியேறினார்கள். ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். கான்டன் பகுதியினர் தச்சுவேலைக்குப் போனார்கள். ஹூபே மாகாணத்தவர் பல் கட்டினார்கள். ஹக்காக்கள் கையில் எடுத்தது தோல்.

இது தற்செயல் அல்ல. தோலைத் தொட்டால் தீட்டு என்று சாதிச் சமூகம் வகுத்திருந்தது. அந்த வேலை ஒடுக்கப்பட்ட சாதியார்மீது சுமத்தப்பட்டது; முதல் போட்டு அதைப் பெருவணிகமாக நடத்த உயர்சாதி வணிகர்கள் முன்வரவில்லை. தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் தோல் வணிகம் முஸ்லிம்களின் கைக்கு வந்ததிலும் இந்தத் தீட்டுக்குப் பங்கு உண்டு. கொல்கத்தாவில் அந்த இடத்தின் ஒரு பகுதியை ஹக்காக்கள் நிரப்பினார்கள். சாதிக் கட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குத் தோல் வெறும் தோல்தான். ஊர் ஒதுக்கிய வேலையே அவர்களுக்கு ஊரில் இடம் தேடித் தந்தது.

கடையும் வீடும் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்பகுதியில் விற்பனை, பின்கட்டில் அல்லது பரணில் பட்டறை, மாடியில் குடித்தனம். சீனாவிலிருந்து வரும் இளைஞன் முதலில் உறவினர் கடையில் சேருவான். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. வேலை கற்று, காசு சேர்த்து, பிறகு தனிக்கடை போடுவான். அவன் கடைக்கு இன்னொரு தம்பியோ மருமகனோ வந்து சேருவான். வங்கிக் கடன் எட்டாத இவர்களுக்கு முதல் திரட்ட உதவியது, நம்மூர் ஏலச்சீட்டை அப்படியே ஒத்த சீட்டு முறை. பெண்களின் உழைப்பு கணக்கேட்டில் ஏறாதது. ஆனால் அது இல்லாமல் எந்தக் கடையும் நடந்திருக்காது. கடையைக் கவனிப்பது, கூலியாட்களை மேற்பார்வையிடுவது, பிள்ளைகளை வளர்ப்பது எல்லாம் அவர்கள் தலையில்தான்.

அளவெடுத்துச் செய்யும் ஷூவுக்கு இயந்திரத்தைவிடப் பொறுமைதான் முக்கியம். வாடிக்கையாளரின் பாதத்தைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். விரல்களின் அடிமூட்டு, பாதத்தின் மேடு, குதிகால் என்று நாடாவால் சுற்றளவு எடுப்பார்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அரிது. ஆகவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். அந்த அளவுக்கு மரத்தில் கால் அச்சு தயாராகும். கட்டைவிரல் மூட்டு புடைத்திருந்தால் அச்சில் அந்த இடத்தில் தோல் துண்டு ஒட்டி உயர்த்துவார்கள். வெட்டித் தைத்த மேல்தோலை அச்சின்மேல் போர்த்தி, குறடால் இழுத்து, சிற்றாணிகளால் இறுக்கி, வடிவம் படியும்வரை சில நாட்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் விளிம்புத் தோலையும் அடித்தோலையும் தைப்பார்கள். குதி, தோல் அடுக்கின்மேல் தோல் அடுக்காக உயரும். இழுப்பதில் சற்றுக் கோணினாலும் நடக்கும்போது ஷூ காலைக் கடிக்கும். அந்தக் கடியைத் தவிர்ப்பதுதான் இந்தக் கைவினையின் முழு நோக்கமும்.

காலணி தைத்தவர்களில் சிலர் தோல் பதனிடவும் இறங்கினார்கள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரின் கிழக்கு விளிம்பில், சதுப்பு நிலமாகக் கிடந்த டாங்ராவில் அவர்களின் பதனிடும் கூடங்கள் எழுந்தன. சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த அதே குரோம் பதனிடல் முறை டாங்ராவிலும் வேரூன்றியது. இரண்டு உலகப் போர்களும் தோலுக்கான தேவையைப் பெருக்கின. கூடங்களில் கூலிக்கு உழைத்தவர்களில் பெரும்பகுதி பீகாரிலிருந்து வந்த தலித் தொழிலாளர்கள்; அவர்களைப் பற்றிய குறிப்புகள் மிகவும் குறைவு. ஹக்காக்களின் பிள்ளைகள் படிக்க டாங்ராவில் பெய்மே என்ற சீனப் பள்ளி இருந்தது. கொல்கத்தாச் சீனர்கள் தங்கள் கோயில்களை ஆங்கிலத்தில் ‘சர்ச்’ என்றே குறிப்பிடுகிறார்கள். டூங் ஆன் சர்ச் என்று பெயர்ப்பலகை உள்ள கட்டடத்தின் உள்ளே எரிவது ஊதுவத்தி.

1930-களில் பாட்டா நிறுவனம் கொல்கத்தாவுக்கு அருகே ஆலை தொடங்கியது; பாட்டாநகர் என்ற தொழில்நகரமே உருவானது. இயந்திரத்தில் செய்த, எண்ணிட்ட அளவுகளில் வரும் மலிவான ஷூ சந்தையைப் பிடித்தது. பெண்டிங் தெரு உடனே சரிந்துவிடவில்லை. தன் காலுக்கென்றே தைத்த ஜோடியைக் கேட்டுவந்தவர்கள் இருக்கவே செய்தார்கள்.

பெரிய அடி அரசியலிலிருந்து வந்தது. 1962 அக்டோபரில் இந்திய-சீனப் போர் மூண்டதும், இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். அசாம், வட வங்காளப் பகுதிகளிலிருந்து பெருமளவிலும் பிற இடங்களிலிருந்துமாக ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். போர் ஒரு மாதத்தில் முடிந்தது. முகாமிலோ சிலர் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். கொல்கத்தாவில் இருந்தவர்களுக்கும் நடமாட்டக் கட்டுப்பாடுகள் வந்தன. எந்தக் குற்றமும் சாட்டாமல், முகத்தைப் பார்த்துத் தண்டித்த செயல் இது. இதற்கு எந்தப் போர்க்காலக் காரணமும் நியாயமாகாது. அதன்பின் பிள்ளைகளின் எதிர்காலத்தை இந்தியாவில் வைத்துப் பார்க்கப் பல குடும்பங்களுக்குத் துணிவு வரவில்லை. ஒருவர் கனடாவுக்குப் போனார், பின்னாலேயே தம்பி, தங்கை. மெய்சியனிலிருந்து கொல்கத்தாவுக்கு ஆள் சேர்த்த அதே உறவுச் சங்கிலி, இப்போது கொல்கத்தாவிலிருந்து டொராண்டோவுக்கு ஆள் சேர்த்தது.

1996 ஆகஸ்டில் வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதே ஆண்டு டிசம்பர் 19-இல் டாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பாக்லாடாங்கா பகுதிகளின் சுமார் 550 பதனிடும் கூடங்களை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டது. கழிவுநீர் ஓடிய கால்வாய்களைப் பார்த்தால் தீர்ப்பில் தவறு சொல்ல முடியாது. சில கூடங்கள் பாந்தலாவில் உருவான தோல் வளாகத்துக்குப் போயின. சில மூடப்பட்டன. சில உணவகங்களாக மாறின. இன்று டாங்ரா என்றால் கொல்கத்தாக்காரர்களுக்குச் சீனச் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது.

பெண்டிங் தெருவில் எஞ்சிய கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கேயும் அலமாரிகளில் ஆயத்த ஷூக்கள்தான் அதிகம். மரத்தில் கால் அச்சு செதுக்கக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறையில் ஆள் இல்லை. சீனப் புத்தாண்டை ஒட்டி மட்டும், கொல்கத்தாவில் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் அச்சிப்பூருக்குப் போய், ஆற்றங்கரையில் உள்ள டோங் அச்சியூவின் சிவப்புக் கல்லறைக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வருகிறார்கள்.