வீட்டுப் பண்பலைப் பரப்பியில் இரைச்சல்

வீட்டுப் பண்பலைப் பரப்பி என்பது கணினி, இசைக்கருவி போன்றவற்றிலிருந்து பெறும் ஒலிக்குறிகையை, வீட்டிலுள்ள எஃப்.எம். வானொலிப் பெட்டிகளில் கேட்கத்தக்க வகையில் மிகக் குறைந்த திறனில் ஒலிபரப்பும் மின்னணுக் கருவி ஆகும். பெரும்பாலான நாடுகளில் இது 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பட்டையில் இயங்குகிறது. இதனைப் பயன்படுத்துவோர் பொதுவாக எதிர்கொள்ளும் சிக்கல் இரைச்சல் ஆகும். முரலல், சீறல், கீச்சொலி, சொடுக்கொலி எனப் பல வடிவங்களில் இரைச்சல் கேட்கலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் தோன்றுவதால், அது நுழையும் இடத்தை முதலில் அறிதல் இன்றியமையாதது.

பண்பலையும் இரைச்சலும்

அதிர்வெண் பண்பேற்றத்தில் ஒலிக்குறிகைக்கு ஏற்ப ஊர்தி அலையின் அதிர்வெண் மாற்றப்படுகிறது, வீச்சு மாறுவதில்லை. மின்னல், மின்பொறி முதலியன ஊர்தி அலையின் வீச்சைப் பெரிதும் பாதிக்கின்றன. வானொலிப் பெட்டியில் உள்ள வீச்சு வரம்பிச் சுற்று இம்மாற்றங்களை வெட்டி நீக்கிவிடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற அகலப்பட்டைப் பண்பலை முறையின் சிறப்பு இதுவே ஆகும்.

ஆயினும் இப்பாதுகாப்பு, அலை பரப்பியை விட்டு வெளியேறிய பின் சேரும் இரைச்சலுக்கு மட்டுமே பொருந்தும். பரப்பியின் உள்ளேயே அதிர்வெண்ணை மாற்றும் இரைச்சலை, வானொலிப் பெட்டியால் இசையிலிருந்து பிரித்தறிய இயலாது. பண்பலை ஒலிபரப்பில் உச்ச அதிர்வெண் விலகல் 75 கிலோஹெர்ட்ஸ் ஆகும். மின்வழங்கியின் அலைவு, ஊர்தி அலையை 750 ஹெர்ட்ஸ் மட்டும் அசைத்தாலும் அது உச்ச ஒலியின் 1 விழுக்காடாக, அதாவது 40 டெசிபெல் கீழே உள்ள முரலாகக் கேட்கும். இந்த 750 ஹெர்ட்ஸ், 100 மெகாஹெர்ட்ஸில் 0.00075 விழுக்காடு மட்டுமே. இத்தகைய பரப்பிகள் தூய மின்வழங்கலை வேண்டுவதன் காரணம் இதுவாகும்.

இரைச்சலின் வகைகளும் காரணங்களும்

மின்வழங்கல் முரலல்: இந்தியா, இலங்கை போன்ற 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கல் உள்ள நாடுகளில், முழு அலைதிருத்தியின் வடிகட்டு மின்தேக்கி போதாதபோது 100 ஹெர்ட்ஸ் முரலல் தோன்றுகிறது. அலை இயற்றியில் உள்ள டிரான்சிஸ்டரின் சந்தி மின்தேக்குத்திறன் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறுவதால், மின்னழுத்த அலைவு அதிர்வெண் அலைவாக மாறுகிறது. 7809 போன்ற மின்னழுத்தச் சீராக்கியும், அதன் வெளியீட்டில் ஒரு பெரிய மின்தேக்கியும் 0.1 மைக்ரோபாரட் பீங்கான் மின்தேக்கியும் இணைப்பதன் மூலம் இதனைக் குறைக்கலாம்.

கீச்சொலி: கைப்பேசி மின்னேற்றி போன்ற, உயர் அதிர்வெண்ணில் நிலைமாறும் மின்வழங்கிகளால் ஏற்படுகிறது. மின்வழங்கியை மாற்றுவதும், கம்பியில் ஃபெரைட் வளையம் பூட்டுவதும் பயன்தரும்.

தரைவளையம்: கணினியும் பரப்பியும் தனித்தனி வழிகளில் தரையிணைப்புப் பெற்று, ஒலிக்கம்பியின் கவசத்தாலும் இணைக்கப்பட்டால் ஒரு மூடிய வளையம் உருவாகிறது. அதில் பாயும் சிறு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் முரலாகவும், கணினியின் செயல்பாட்டிற்கேற்ப மாறும் கரகரப்பாகவும் கேட்கிறது. 1:1 விகிதமுடைய ஒலி மின்மாற்றியை இடையே இணைத்து வளையத்தை முறிக்கலாம். செருகியின் தரைமுனையை அகற்றுவது முரலை நிறுத்தக்கூடும். ஆனால் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் உயிருக்கு ஆபத்து விளையும் என்பதால் அவ்வாறு செய்தல் கூடாது.

வானலை மீள்நுழைவு: பரப்பியின் சொந்த அலை, ஒலிக்கம்பி வழியாக உள்ளீட்டுப் பெருக்கியினுள் மீண்டும் நுழைவதால் சிதைவும் முரலும் தோன்றுகின்றன. கம்பியைத் தொடும்போது ஒலி மாறுவது இதன் அடையாளம். ஆன்டெனாவை ஒலிக்கம்பியிலிருந்து விலக்குதல், உள்ளீட்டில் 100 பிக்கோபாரட் அளவுள்ள மின்தேக்கி இடுதல், சுற்றை உலோகப் பெட்டியில் அடைத்தல் ஆகியன தீர்வுகள்.

அதிர்வெண் நகர்வு: ஒற்றை டிரான்சிஸ்டர் பரப்பிகளில் வெப்பநிலை, கையின் அருகாமை ஆகியவற்றால் அதிர்வெண் நகர்ந்து ஒலி கரகரக்கும். கம்பிச்சுருள் அதிர்ந்தாலும் அது ஒலியாகக் கேட்கும்; சுருளின் மீது மெழுகு உருக்கி ஊற்றி இதனைத் தடுக்கலாம். படிகத்தை ஒப்பீடாகக் கொண்டு அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் கட்டப் பூட்டு வளையச் சுற்றுகளில் மெல்ல நிகழும் நகர்வு பெரும்பாலும் இராது. ரோம் நிறுவனத்தின் பி.எச். 1417 தொகுசுற்று இவ்வகையைச் சேர்ந்தது.

மிகைப் பண்பேற்றம்: ஒலி அளவு மிகுந்தால் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைக் கடந்து ஒலி சிதையும். ஒலிபரப்பின்போது உயர் சுரங்கள் முன்னரே மிகைப்படுத்தப்படுவதால் (இதன் நேர மாறிலி ஐரோப்பாவில் 50, அமெரிக்காவில் 75 மைக்ரோநொடி), 'ச', 'ஸ' போன்ற ஒலிகளில் இச்சிதைவு முதலில் தெரியும். ஒலி மூலத்தின் அளவைக் குறைப்பதே தீர்வு.

சீறலும் சொடுக்கொலியும்: ஏற்கப்படும் அலை வலுக்குறைந்திருப்பதைக் காட்டுவன. ஊர்தி அலை இரைச்சலைவிட ஏறத்தாழ 10 டெசிபெல் மட்டுமே உயர்ந்திருக்கும் நிலையில் சொடுக்கொலிகள் தொடங்குகின்றன. இருசெவி ஒலிபரப்புக்கு ஒற்றை ஒலியைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் கூடுதல் வலிமை தேவை. எனவே ஒற்றை ஒலிக்கு மாற்றுவதே எளிய தீர்வாகும்.

கண்டறியும் முறை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, பின்வரும் வரிசையில் சோதிப்பது வழக்கம்.

1. பரப்பியை நிறுத்திவிட்டு, தெரிவு செய்த அதிர்வெண்ணில் வேறு நிலையம் மெலிதாகக் கேட்கிறதா எனப் பார்க்க வேண்டும். கேட்டால் வெற்று அதிர்வெண்ணுக்கு மாற வேண்டும்.
2. பரப்பியை இயக்கி, ஒலிக்கம்பியைக் கழற்றி உள்ளீட்டைக் குறுக்கிணைக்க வேண்டும். இரைச்சல் மறைந்தால் அது ஒலி மூலத்துடனோ கம்பியுடனோ வந்தது.
3. மறையாவிடில் பரப்பியை மின்கலத்தில் இயக்க வேண்டும். இப்போது மறைந்தால் குறை மின்வழங்கலில் உள்ளது.
4. இரண்டாம் படியில் மறைந்திருந்தால், மின்கலத்தில் இயங்கும் வேறு இசைக்கருவியை இணைக்க வேண்டும். முரலல் இல்லையெனில் தரைவளையமே காரணமாக இருக்கக்கூடும்.
5. கம்பிகளை அசைத்தும் ஆன்டெனாவை நகர்த்தியும் பார்க்க வேண்டும். ஒலி மாறினால் வானலை மீள்நுழைவு என ஐயுறலாம்.
6. இறுதியாக வேறொரு வானொலிப் பெட்டியில், ஒற்றை ஒலியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

திறனைக் கூட்டுதல்

இரைச்சலைக் கண்டதும் திறன் பெருக்கி ஒன்றைச் சேர்ப்பது பலரும் செய்யும் தவறாகும். பரப்பியினுள் தோன்றும் முரலல், பெருக்கப்பட்ட அலையிலும் அதே விகிதத்தில் இருக்கும். திறனைக் கூட்டுவதால் குறைவது சீறல் மட்டுமே. அதையும் வானொலிப் பெட்டியை அருகில் வைப்பதன் மூலம் குறைக்கலாம்.

மேலும், வடிப்பான் அற்ற பெருக்கிகள் பிற அதிர்வெண்களிலும் அலைகளை உமிழ்கின்றன. பண்பலைப் பட்டைக்கு மேலே, 108 முதல் 117.975 மெகாஹெர்ட்ஸ் வரை வானூர்திகளின் வழிகாட்டிக் கருவிகளும், அதற்கும் மேலே 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானி - கட்டுப்பாட்டு நிலைய உரையாடல்களும் இயங்குகின்றன. வீட்டில் கேட்கும் இசை தெளிவாக இருந்தாலும், இவ்வுமிழ்வு அவற்றுக்கு இடையூறாகலாம்.

எனவே நாடுகள் இக்கருவிகளின் திறனுக்கு வரம்பு விதித்துள்ளன. அமெரிக்காவில் 3 மீட்டர் தொலைவில் புலவலிமை மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டுக்கு மிகாதிருக்க வேண்டும். ஐக்கிய இராச்சியம் 2006 டிசம்பரில் 50 நானோவாட் வரையிலான பரப்பிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்தது. பரப்பியை இயக்குமுன் அந்தந்த நாட்டின் விதிகளை அறிந்துகொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

அதிர்வெண் பண்பேற்றம்
அலை இயற்றி
மின்தேக்கி
எட்வின் ஆம்ஸ்ட்ராங்