பாழ் நிலத்தில் திறந்த பள்ளிக்கூடம்

1933-ஆம் ஆண்டின் நடுவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், அமெரிக்காவில் அதற்கு முன் இல்லாத ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கியது. வேட்டைக்குரிய பறவைகளையும் விலங்குகளையும் பேணிப் பெருக்கும் வழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பதவி அது. அதற்கு வந்தவர் ஆல்டோ லியோபோல்ட். வயது 46, ஐந்து பிள்ளைகளின் தகப்பன், பொருளாதார மந்தத்தில் நிலையான வருமானத்தை இழந்திருந்தவர். தனித் துறை ஏதும் இல்லாததால் வேளாண் பொருளாதாரத் துறையில் சேர்த்துக்கொண்டார்கள். உட்கார மண்ணியல் கட்டடத்தின் அடித்தளத்தில் இடம் ஒதுக்கினார்கள்.

பணம் வந்த வழி வியப்பானது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஸ்டீன்பாக், உணவின்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அதில் வைட்டமின் டி பெருகும் என்று கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியிருந்தார். அந்த வருமானத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் ஓர் அறக்கட்டளை நடத்திவந்தனர். ஆண்டுக்கு 8,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்குத் தர அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகளின் எலும்பைக் காத்த கண்டுபிடிப்பின் காசில் காட்டுயிர் மேலாண்மை என்ற தொழிற்படிப்பு நடை பழகியது.

அதற்குள் அமெரிக்கர்கள் நிறைய இழந்திருந்தார்கள். வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களில் கடைசியானது 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. வேட்டைக்குப் பருவம் குறித்தார்கள், எத்தனை சுடலாம் என்று வரம்பு கட்டினார்கள், பண்ணையில் வளர்த்த பறவைகளைக் கொண்டுவந்து வெளியே விட்டார்கள், ஓநாய்களைக் கொன்று தீர்த்தார்கள். அப்படியும் காடையும் புல்வெளிக் கோழியும் குறைந்துகொண்டே வந்தன. சட்டத்தைக் காக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு காடை ஆண்டு முழுவதும் பிழைத்திருக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. மரம் வளர்ப்பதைக் கற்றுத்தரப் பள்ளி இருந்தது. லியோபோல்டே 1909-இல் ஏல் வனவியல் பள்ளியில் பட்டம் பெற்றவர். காட்டுயிருக்கு அப்படி ஒன்று இல்லை.

அந்தக் குறையை அவர் நேரில் சுற்றியே அறிந்தவர். 1928-இல் அரசு வேலையை விட்டுவிட்டு, வட மத்திய மாநிலங்களில் வேட்டை உயிர்கள் எந்த நிலையில் உள்ளன என்று கணக்கெடுக்கக் கிளம்பினார். செலவை ஏற்றது துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் சங்கம். இதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போய்விடுமே என்ற கவலைதான் இந்தத் துறைக்கு முதல் காசு போட்டது. லியோபோல்டும் கடைசிவரை வேட்டைக்காரர். ஆனால் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிவந்து 1931-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, பழியைத் துப்பாக்கியின் மேல் மட்டும் போடவில்லை. வேலியோரப் புதர்களை வெட்டி வயலை அகலமாக்கியிருந்தார்கள். சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்திருந்தார்கள். தோப்புகளுக்குள் மாட்டை விட்டதால் மரத்தடியில் ஒரு செடி முளைக்க வழியில்லை. பறவைக்கு ஒளிய இடமில்லை, பனிக்காலத்தில் தின்ன விதையில்லை.

இந்த அறிவோடு, வேலையில்லாத நாட்களில் எழுதி முடித்த பாடநூல் 1933-இல் வெளிவந்தது. கோடரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி ஆகிய ஐந்தும் காட்டுயிரை அழித்தன. யோசித்துப் பயன்படுத்தினால் இவற்றைக் கொண்டே மீட்கவும் முடியும் என்பது அந்நூலின் அடிப்படை. இந்தப் படிப்பு முழுவதும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்ததாகவே நான் நினைக்கிறேன். கருவியைக் கீழே போடச் சொல்லியிருந்தால் இதில் கற்பிக்க அதிகம் இருந்திருக்காது. அதைப் பிடிக்கும் விதத்தை மாற்றச் சொன்னதால் இதைக் கையால் செய்துதான் கற்க முடியும் என்றாயிற்று.

அவர் தனியாள் இல்லை. பக்கத்து அயோவா மாநிலத்தில் டிங் டார்லிங் என்ற புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட், 1932-இலேயே தன் கைப்பணத்தைக் கொடுத்து, கல்லூரியையும் மாநிலத்தின் மீன், வேட்டைத் துறையையும் சேர்த்துப் பிடித்து, ஆராய்ச்சியும் பயிற்சியும் ஒன்றாக நடக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1935-இல் அதே முறை ஒன்பது கல்லூரிகளுக்குப் பரவியது. நிர்வாகத் திறமைக்கு டார்லிங்கைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சியின் குணத்தைத் தீர்மானித்தவை விஸ்கான்சினில் கெட்டுப்போய்க் கிடந்த மூன்று நிலங்கள்.

முதலாவது கூன் வேலி. மாநிலத்தின் தென்மேற்கில் செங்குத்தான குன்றுகள் சூழ்ந்த ஓடைப் பள்ளத்தாக்கு. குடியேறியவர்கள் மேலிருந்து கீழாக ஏர் ஓட்டினார்கள், சரிவுகளில் மாட்டை மேய்த்தார்கள். மழை பெய்தால் மேல்மண் ஓடையில் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் மழைநீர் ஆளை மறைக்கும் ஆழத்துக்குப் பள்ளம் அறுத்தது. 1933-இல் நாட்டிலேயே முதல் நீர்ப்பிடிப்பு மண்காப்புத் திட்டம் இங்கே தொடங்கியது. பரப்பு சுமார் 90,000 ஏக்கர். நானூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். விதை, உரம், வேலிக்கம்பி, வேலையாள் அரசுடையவை. சரிவில் மாடு ஏறாது, உழவு மலையைச் சுற்றிப் போகும் என்பது விவசாயி கொடுத்த வாக்கு.

லியோபோல்ட் இதன் ஆலோசகர். மண்ணைக் காக்க வந்தவர்களிடம் பறவையையும் மீனையும் சேர்த்துக் கேட்டு வாங்கினார். வேலியடைத்த சரிவில் மரமும் புதரும் நட்டார்கள்; அது மண்ணையும் பிடித்தது, காடைக்கும் இடம் கொடுத்தது. ஓடைக்கரையில் வில்லோ வைத்தார்கள். கரையும் நின்றது, டிரவுட் மீனுக்கும் நிழல் கிடைத்தது. ஒரே மண்வெட்டி வேலையில் மூன்று துறைகளின் காரியம் நடந்தது. மண், காடு, வேட்டை என்று தனித்தனி அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தால் அது நடந்திராது. அவருடைய மகன்கள் ஸ்டார்க்கரும் லூனாவும் அங்கே வேலை பார்த்தார்கள். லூனா பின்னாளில் ஆறுகள் எப்படித் தம் பாதையை வகுத்துக்கொள்கின்றன என்பதை ஆராய்ந்து பெரும்பெயர் பெற்ற நீரியலாளர். கூன் வேலியின் அறுபட்ட ஓடைகளைப் பார்த்த கண் அது.

இரண்டாவது நிலம் மேடிசன் நகரத்தின் ஓரத்திலேயே இருந்தது. பல்கலைக்கழகம் அங்கே ஒரு மரத்தோட்டத்துக்காக நிலம் வாங்கியது. 1934 ஜூன் 17 அன்று நடந்த தொடக்க விழாவில் லியோபோல்ட் வேறொன்றைக் கேட்டார். உலகத்து மரங்களை வரிசையாக நட்டுப் பெயர்ப்பலகை வைக்கும் தோட்டம் வேண்டாம். வெள்ளையர் வந்து இறங்கியபோது விஸ்கான்சின் எப்படி இருந்ததோ அதன் ஒரு துண்டைத் திரும்ப உண்டாக்குவோம் என்றார். அப்படி யாரும் செய்து பார்த்ததில்லை. அவர்களிடம் இருந்ததோ ஏர் பலமுறை புரண்டு, பிறகு குதிரைகள் மேய்ந்து, வந்தேறிப் புல் மண்டிக் கிடந்த சுமார் 60 ஏக்கர்.

வேலையாட்கள் மந்தகாலத்தால் வந்தார்கள். வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு அமைத்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் படையின் முகாம் ஒன்று 1935 முதல் 1941 வரை அங்கே இருந்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பையன்களை வைத்துப் புல்வெளியை நட்டவர் டெட் ஸ்பெர்ரி. புல்வெளிச் செடிகளின் வேரை ஆராய்ந்தவர். ரயில் பாதை ஓரங்களிலும் ஏர் படாத மேடுகளிலும் மிச்சமிருந்த பழைய புல்வெளியைத் தேடிப் போய், வேர்மண்ணோடு பெயர்த்து லாரியில் ஏற்றி வந்து பதித்தார்கள். விதையாகச் சேகரித்தும் தூவினார்கள். எது எந்த ஈரத்தில் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வோர் இனத்தையும் தனித் திட்டாக நட்டு, எது நின்றது, எது போனது என்று குறித்துக்கொண்டார்கள்.

பாதி விடை தீயில் இருந்தது. பழைய புல்வெளி அடிக்கடி எரிந்து வாழ்ந்தது. வந்தேறிப் புல் அதைத் தாங்காது. ஜான் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளர் 1940-களில் எரித்துப் பார்த்துச் சோதனை செய்தார். தீ பட்ட இடத்தில் நாட்டுச் செடிகள் தழைத்தன. காட்டுத்தீயை அணைப்பதே கடமை என்று நாடே நம்பிய நாளில், பல்கலைக்கழக நிலத்தில் வேண்டுமென்றே தீ வைத்துக் கற்றார்கள். இன்று அது அவர் பெயரில் கர்ட்டிஸ் புல்வெளி. உலகில் மனிதர் மீட்டெடுத்த புல்வெளிகளில் மிகப் பழையது. இன்றுவரை அது முழுமையடையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தின் மழைநீர் உள்ளே பாய்கிறது, களைகள் புகுகின்றன, அவற்றைப் பிடுங்குவதும் தீ வைப்பதும் ஓயவில்லை. ஒரு நாளில் உழுது அழித்ததைத் திரும்பக் கொண்டுவர மூன்று தலைமுறை போதவில்லை என்பதை அந்த இடத்தில் நின்று தெரிந்துகொள்வதைவிட நல்ல பாடம் இந்தப் படிப்பில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, அவருடைய சொந்த நிலம். 1935-இல் பாராபூ ஊருக்குப் பக்கத்தில் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கினார். 80 ஏக்கர் மணல். வீடு எரிந்துபோயிருந்தது, எஞ்சிய கோழிக்கொட்டகையில் சாணத்தை வாரி வெளியே கொட்டிவிட்டுக் குடும்பத்தோடு தங்கினார்கள். அடுத்த வசந்தத்தில் பைன் கன்றுகளை நட்டார்கள். அந்த ஆண்டின் வறட்சியில் அநேகமாக எல்லாம் கருகின. மறுபடி நட்டார்கள். இறக்கும்வரை ஆண்டுதோறும் நட்டதில் மொத்தம் 40,000-க்கும் மேல். எந்தப் பூ என்று பூத்தது, எந்தப் பறவை என்று வந்தது என்ற குறிப்பும் ஆண்டுதோறும் தவறவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து மகள் நீனா அதே குறிப்பைத் தொடர்ந்து எழுதி, வசந்தம் முன்கூட்டியே வருவதை 1999-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்.

இந்த நிலங்களிலிருந்துதான் அவர் வகுப்பு எடுத்தார். சாலையோரத்தில் நிறுத்தி, வீட்டு முற்றத்து மரத்தையும் வயலின் மண்ணையும் காட்டி, இது முன்பு காடா புல்வெளியா, இங்கே என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பார். செடியின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது; அது ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களை உழவர்களிடையே அனுப்பினார். ரைலி என்ற சிற்றூரில் 1931 முதல் விவசாயிகளும் நகரத்து வேட்டைக்காரர்களும் கூட்டாக நடத்திய திட்டம் ஒன்று இருந்தது. விவசாயி புதரை விட்டுவைப்பார், பனிக்காலத்தில் தானியம் போடுவார். நகரத்தார் செலவைப் பகிர்வார்கள், பதிலுக்கு வேட்டையாடுவார்கள். மாணவர்கள் அங்கே பறவைகளை எண்ணினார்கள், வளையமிட்டார்கள், உழவரின் சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். என் பார்வையில் அந்தச் சமையலறைப் பேச்சும் பாடத்திட்டத்தின் பகுதியே. நிலம் விவசாயியுடையது, அவர் சம்மதிக்காமல் ஒரு புதரும் நிற்காது.

1937-இல் வேலைக்கும் வழி பிறந்தது. துப்பாக்கி, தோட்டா மீதான வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கே ஒதுக்கும் பிட்மேன்–ராபர்ட்சன் சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பயின்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். இத்தொழிலில் இருப்பவர்களுக்கான சங்கமும் அதே ஆண்டில் உருப்பெற்றது. 1939-இல் லியோபோல்டின் படிப்பு தனித் துறையானது. பெயரிலும் வேட்டை விலங்கு போய்க் காட்டுயிர் வந்தது.

1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்துப் பண்ணையில் பரவிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 61. மாணவர்கள் அதற்குள் பல பக்கம் போயிருந்தார்கள். அவரிடம் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒரே பெண்ணான ஃபிரான்சஸ் ஹாமர்ஸ்ட்ராம், பாஸ்டனின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஃபிரெடரிக்கோடு நடு விஸ்கான்சினில் குழாய்த் தண்ணீர்கூட இல்லாத பழைய வீட்டில் குடியிருந்து, புல்வெளிக் கோழிக்காக வாழ்நாளைக் கொடுத்தார். துண்டு துண்டாக நிலம் வாங்கிப் புல்வெளியாக வைத்திருந்தால் அது பிழைக்கும் என்று இருவரும் சொன்னார்கள். அப்படியே நிலம் வாங்கப்பட்டது, அப்பறவை அந்த மாநிலத்தில் பிழைத்தது.

இன்னொருவர் ஜோசப் ஹிக்கி. ஆசிரியரின் துறையிலேயே பேராசிரியரானார். கிழக்கு அமெரிக்காவில் பொரி வல்லூறு எந்தெந்தப் பாறைகளில் கூடு வைக்கிறது என்று தொகுத்து 1942-இல் எழுதியிருந்தார். 1964-இல் அதே பாறைகளுக்கு ஆட்களை அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய்வந்தவர்கள் ஒரு கூட்டில்கூடப் பறவை இல்லை என்றார்கள். மறு ஆண்டு உலகெங்கிலுமிருந்து அறிஞர்களை மேடிசனுக்கு அழைத்துக் காரணம் தேடினார். அருங்காட்சியகங்களில் இருந்த பழைய முட்டை ஓடுகளை அளந்து எடை போட்டு, டிடிடி பூச்சிக்கொல்லி வந்த பிறகு ஓடு மெலிந்துவிட்டது என்று 1968-இல் டேனியல் ஆண்டர்சனோடு சேர்ந்து வெளியிட்டார். அதே ஆண்டின் முடிவில் மேடிசனில் தொடங்கிய விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1970-இல் விஸ்கான்சினும் 1972-இல் அமெரிக்க அரசும் டிடிடியைத் தடை செய்தன. 1999-இல் பொரி வல்லூறு அந்நாட்டின் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.