கலப்பைக் கிழங்கும் கொல்கிசினும்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வேதாரண்யம் பக்கத்து வேலிகளில் தீச்சுடர் போலப் பூத்து நிற்பது செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலில் வருவதும் காந்தள்தான். ஊர்ப் பேச்சில் கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. இந்தப் பெயரைக் கேட்டால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். அதைத் தின்று இறந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. சித்த மருத்துவர்களும் சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்ப்பதில்லை.

அந்த நஞ்சின் பெயர் கொல்கிசின். 1820-ல் பாரிசில் பெல்தியேவும் கவந்துவும் இதை முதலில் பிரித்தெடுத்தது கொல்கிகம் என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து. அதுவும் செங்காந்தளும் ஒரே குடும்பம். இந்த நஞ்சு செல் பிரிவதையே நிறுத்திவிடும். ஆனால் அளவாகக் கொடுத்தால் யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு (கவுட்) நல்ல மருந்து!

செடி இதை எதிலிருந்து செய்கிறது? ஃபீனைல் அலனின், டைரோசின் என்ற இரண்டு சாதாரண அமினோ அமிலங்களிலிருந்துதான். 1960-களில் இங்கிலாந்தில் ஆலன் பாட்டர்ஸ்பி குழுவினர் கதிரியக்கக் கார்பன் கலந்த பொருள்களைச் செடிக்குக் கொடுத்து, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடினார்கள். வழியில் நடப்பது வேடிக்கையானது. டைரோசினிலிருந்து வந்த ஆறு கார்பன் வளையம் இன்னொரு கார்பனை இழுத்துக்கொண்டு ஏழு கார்பன் வளையமாகிறது. கொல்கிசினின் வேலைக்கு முக்கியமானது இந்த வளையம்தான்.

இதைச் செய்யும் நொதிகள் எவை என்பது மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடிபடவில்லை. 2020-ல்தான் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்லி குழு விடை கண்டது. அவர்கள் ஆராய்ந்தது நம் செங்காந்தளையே. எந்தப் பாகத்தில் நஞ்சு உருவாகிறது, அங்கே எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து நொதிகளைக் கண்டுபிடித்தார்கள். பிறகு 16 மரபணுக்களைப் புகையிலையின் உறவுச் செடி ஒன்றின் இலையில் ஏற்றியபோது, கொல்கிசினுக்குச் சற்று முந்தைய பொருள் அந்த இலையிலேயே உருவானது.

1991 வரை தஞ்சை மாவட்டத்தோடு இருந்த வேதாரண்யத்தில் நெல் விளையாத மணற்பாங்கான இடங்களும் உண்டு. அங்கே செங்காந்தள் பயிராகிறது. மருந்துக்கு விற்பனையாவது விதை. இந்தப் பூவின் சூல்தண்டோ மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் பூ பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும்.