லசானியாவுக்குள் காய்கறி: ஒளித்து வைத்தது யார்?



நியூ ஜெர்சியில் குடியிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அவளுடைய ஆறு வயது மகன் தட்டில் காய்கறி தெரிந்தாலே எழுந்து போய்விடுவானாம். லசானியா மட்டும் விரும்பிச் சாப்பிடுவான் என்பதால் கேரட், பாலக்கீரை, சுக்கினி மூன்றையும் நைசாக அரைத்து அதன் தக்காளி சாஸில் கலந்து கொடுத்து வந்திருக்கிறாள். நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் சரியாக அரைபடாத கேரட் துண்டு ஒன்று அவன் பல்லில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இட்லியைக்கூடப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான். "இதுல என்ன போட்டே?" என்பதுதான் ஒவ்வொரு வேளையும் அவன் முதல் பேச்சு. "பிள்ளையை ஏமாத்தினா இப்படித்தான்" என்கிறார் மாமியார். "டீச்சர், நான் செஞ்சது தப்பா? எதைக் கேட்டாலும் வரலாற்றிலிருந்துதானே ஆரம்பிப்பீங்க, இதுக்கும் சொல்லுங்க" என்று முடித்திருந்தாள்.

சொல்கிறேன். கொஞ்சம் நீளும். பீரியடு முடிந்து மணி அடித்த பிறகும் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

லசானியா என்றால் என்ன என்று கேட்கும் சித்தி, அத்தைமார்களுக்காக இரண்டு வரி. கோதுமை மாவை மெல்லிதாகத் தேய்த்து, அகலமான பட்டைகளாக வெட்டி வேகவைத்து, அவற்றின் நடுவே இறைச்சி சாஸ், பால் சேர்த்த வெள்ளை சாஸ், சீஸ் என்று அடுக்கடுக்காக வைத்து அவனில் சுட்டெடுப்பது. இத்தாலிய உணவு. டப்பாவில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்து "லசாக்னா" என்று சிலர் படிக்கிறார்கள். அதில் ஜி ஒலிக்காது.

இதன் மூதாதையைத் தேடிப் போனால் ரோமாபுரிக்கே போக வேண்டும். அங்கே "லாகனம்" என்று மாவைத் தட்டையாகத் தேய்த்துச் செய்த ஒரு பண்டம் இருந்தது. கி.மு. 35 வாக்கில் வெளிவந்த தன் அங்கதக் கவிதைகளில் ஹோரஸ் என்ற கவிஞர், ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்பினால் தனக்குக் காத்திருக்கும் இரவுச் சாப்பாடு எது என்று சொல்கிறார். லீக் என்ற வெங்காய இனக் கீரைத்தண்டு, கொண்டைக்கடலை, லாகனம். அவ்வளவுதான். எளிய வாழ்வைப் பெருமையாகச் சொல்வதற்காக எழுதியது. நமக்கு வேண்டியது, அந்த மாவுப் பண்டத்தோடு ஒரே பாத்திரத்தில் காயும் கடலையும் இருந்தன என்பது. இறைச்சி இல்லை.

லசானியா என்ற பெயரிலேயே செய்முறை கிடைப்பது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புள்ள "லிபேர் தெ கோகுவினா" என்ற லத்தீன் சமையல் நூலில் அது இருக்கிறது. புளித்த மாவை முடிந்தவரை மெல்லிதாகத் தேய். மூன்று விரல் அகலச் சதுரங்களாக வெட்டு. உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் நன்றாக வேகவை. துருவிய சீஸ் தூவு, விருப்பமிருந்தால் மசாலாப் பொடியும் தூவு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. கூர்மையான மரக்குச்சியால் குத்திச் சாப்பிடு. இங்கும் இறைச்சி இல்லை, தக்காளி இல்லை, அவனும் இல்லை. எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. அரசவையைச் சேர்ந்த இந்த நூல் மானையோ மயிலையோ கொண்டு தொடங்கவில்லை. எளியவற்றிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொல்லி, கீரை, முட்டைக்கோஸ் வகைகளில்தான் தொடங்குகிறது.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அவர் வெனிஸ் திரும்பியது 1295-இல். பார்மா நகரத்துத் துறவி சலிம்பேனே 1280-களில் எழுதிய வரலாற்றுக் குறிப்பிலேயே, சீஸ் போட்ட லசானியாவை ஒரு பிடி பிடித்த இன்னொரு துறவியைக் கேலி செய்திருக்கிறார். அந்தக் கதையை இதோடு விட்டுவிடலாம்.

இப்போது பொலோஞாவுக்கு வருவோம். வட இத்தாலியில் எமிலியா பகுதியின் தலைநகர். இன்று உலகம் லசானியா என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஊர்க்காரர்களுடையது. இவர்களுடைய இறைச்சி சாஸுக்கு "ராகு" என்று பெயர். 1891-இல் பெல்லெக்ரினோ அர்தூசி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் பொலோஞா முறை சாஸ் ஒன்று இருக்கிறது. 150 கிராம் கன்றுக்குட்டி இறைச்சிக்குக் கால் வெங்காயம், அரைக் கேரட், இரண்டு செலரித் தண்டு. தக்காளி கிடையாது. இந்த மூன்று காய்களையும் பொடிப்பொடியாக அரிந்து கொழுப்பில் நிதானமாக வதக்குவதற்கு இத்தாலியில் "சொஃப்ரித்தோ" என்று பெயர். நாம் வெங்காயம், தக்காளி வதக்கிக் குழம்புக்கு அடித்தளம் போடுவது மாதிரி. வதங்கி, இறைச்சியோடு இரண்டு மூன்று மணி நேரம் கொதித்தபின் கேரட் எங்கே, செலரி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. சுவை இருக்கும், உரு இருக்காது. 1982-இல் இந்த ராகுவின் செய்முறையைப் பொலோஞா வர்த்தக சபையில் முறைப்படி பதிவு செய்தார்கள். அதிலும் கேரட், செலரி, வெங்காயம் மூன்றும் உண்டு. ஆக, காய்கறி மறைந்து கிடக்கும் லசானியாவை என் மாணவி கண்டுபிடிக்கவில்லை. பொலோஞாப் பாட்டிமார்கள் காலங்காலமாக அதைத்தான் செய்துவந்தார்கள். அவர்கள் யாரிடமும் மறைக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதுமட்டுமா? பொலோஞாவின் லசானியாவுக்கு "பச்சை லசானியா" என்றே பெயர். பாலக்கீரையை வேகவைத்து, ஒட்டப் பிழிந்து, முட்டையோடு மாவிலேயே பிசைந்துவிடுகிறார்கள். 2003-இல் பதிவான செய்முறையிலும் அப்படித்தான். நம் கீரை அடை மாதிரி, அது கீரை என்பது பார்த்தாலே தெரியும். அந்த ஊர்க் குழந்தை பச்சை நிறத்தைப் பார்த்து எழுந்து ஓடுவதில்லை, பண்டிகை என்று ஓடி வருகிறது. விசேஷ நாளில் வரும் நிறம் அது.

இந்த இடத்தில் என் தொழில்காரர் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஜியாகொமோ காஸ்தெல்வெத்ரோ. பொலோஞாவுக்குப் பக்கத்து ஊரான மோதெனாவில் 1546-இல் பிறந்தவர். வாத்தியார். ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கு இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்தவர். மத விசாரணை மன்றம் 1611-இல் அவரை வெனிஸில் சிறைபிடித்தது. இங்கிலாந்துத் தூதர் தலையிட்டு மீட்டார். பிறகு இங்கிலாந்தில் அகதி வாழ்க்கை. அங்கே அவரை வருத்தியது ஒன்று: இந்த ஆங்கிலேயர்கள் இறைச்சியையும் இனிப்பையும் இப்படித் தின்கிறார்களே, காய்கறியைத் தொடமாட்டேன் என்கிறார்களே!

1614-இல் அவர் இத்தாலியின் கிழங்குகள், கீரைகள், பழங்கள் எல்லாவற்றையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, தோட்டப் பிரியையான பெட்ஃபோர்ட் சீமாட்டி லூசிக்குக் காணிக்கையாக்கினார். வசந்தத்தில் தொடங்கி, பருவம் பருவமாக எந்தக் காய் வரும், அதை எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்லிப் போகிறார். கீரையைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவு, இலை ஈரத்தைத் துடை, உப்பு தாராளமாக, எண்ணெய் அதைவிடத் தாராளமாக, வினிகர் கொஞ்சமே கொஞ்சம் என்று வகுப்பில் நின்று சொல்வது போலவே இருக்கும். இத்தாலியர்கள் ஏன் இவ்வளவு காய்கறி சாப்பிடுகிறார்கள் என்பதற்கு அவர் தரும் காரணம் நேர்மையானது. எங்கள் நாட்டில் உங்களுடையதைப் போல இறைச்சி மலிந்து கிடக்கவில்லை; வருடத்தில் ஒன்பது மாதம் வெயில், அந்த வெயிலில் இறைச்சி இறங்காது என்கிறார். மகத்துவம் எதுவும் பேசவில்லை. இல்லாமையிலிருந்து வந்த ருசி என்று ஒப்புக்கொள்கிறார்.

அந்த நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1616-இல் லண்டனில் வறுமையில் இறந்துபோனார். கைப்பிரதி கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கிடந்து, ஆங்கில மொழிபெயர்ப்பாக 1989-இல்தான் நூலானது. பாடம் நடத்தியவனுக்குப் பலன் தெரிய 375 ஆண்டு! எங்களில் பலருக்கு இது பழக்கப்பட்டதுதான்.

தக்காளியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. 1548-இல் பீசா நகரில் மெதிச்சி பிரபு கோசிமோவின் வீட்டுக்கு ஒரு கூடை வந்து இறங்கியதற்குக் கடிதச் சான்று இருக்கிறது. வேடிக்கை பார்த்தார்களே தவிர, உடனே சமைத்துவிடவில்லை. நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி 1690-களில் வெளியிட்ட நூலில்தான் தக்காளி சாஸ் எழுத்தில் வருகிறது. அதுவும் "ஸ்பானிய முறை" என்ற பெயரில். இன்று பிள்ளைகள் லசானியாவின் உயிர் என்று நினைக்கும் சிவப்பு சாஸ், அதில் கடைசியாக வந்து சேர்ந்தவற்றில் ஒன்று.

சரி, அப்படியானால் காய்கறி எப்போது ஒளிந்துகொள்ள நேர்ந்தது? அதற்குக் கடல் தாண்ட வேண்டும். 1880 முதல் 1920-கள் வரை நாற்பது லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தெற்கத்திய ஏழை விவசாயிகள். ஊரில் வருடத்துக்குச் சில நாட்கள்தான் இறைச்சி கண்டவர்கள். அமெரிக்காவில் கூலிக்காரனும் அடிக்கடி இறைச்சி வாங்கலாம், சீஸ் வாங்கலாம். ஆசை தீர வாங்கினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பசித்த தலைமுறை அது. லசானியா அங்கே கனத்தது. இறைச்சி கூடியது, சீஸ் கூடியது.

இன்னொன்றும் நடந்தது. அந்த ஏழை இத்தாலியர்களைத் திருத்த வந்த அமெரிக்கச் சமூக சேவகர்கள், எல்லாவற்றையும் கலந்து சமைத்தால் செரிக்காது என்றும், காய்கறிக்குக் காசு செலவழிப்பது வீண் என்றும் அவர்களுக்குப் போதித்தார்கள். வைட்டமின் என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது. நூறு ஆண்டு கழித்து அதே நாட்டில் காய்கறியைக் குழந்தைக்குத் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று நூல்கள் விற்றன. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

2007-இல் அப்படி இரண்டு நூல்கள் ஒரே ஆண்டில் வந்தன. ஒன்றை எழுதியவர் மிஸ்ஸி சேஸ் லபைன்; மற்றொன்றை எழுதியவர், பிரபல நகைச்சுவை நடிகரின் மனைவி ஜெசிகா சைன்ஃபெல்ட். பிரௌனியில் கீரை, மக்ரோனியில் காலிஃபிளவர் என்று போகும். முதலாமவர் இரண்டாமவர் மீது வழக்குப் போட்டார். நியூயார்க் நீதிமன்றம் 2009-இல் காப்புரிமைப் புகாரைத் தள்ளியது, 2010-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. காய்கறியை அரைத்து வைத்துக்கொண்டு பிள்ளைக்குத் தெரியாமல் கலப்பது ஒரு யோசனை. யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நம் வீட்டுக் கிழவிகள் பருப்பில் கீரையை மசித்துவிட்டுக் கமுக்கமாக இருந்தது நினைவுக்கு வந்தது.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 2011-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயது வரையான ஏறக்குறைய 40 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாஸ்தா சாஸ் போன்றவற்றில் அரைத்த காய்கறியைச் சேர்த்ததும், நாள் முழுக்க அவர்கள் உண்ட காய்கறியின் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கலோரி குறைந்தது. பக்கத்தில் முழுசாக வைத்த காயை உண்பதும் குறையவில்லை. ஆகவே, அம்மா, அரைத்துக் கலப்பதில் தப்பே இல்லை. மாமியாரிடமும் அப்படியே சொல். ஆனால் அரைத்த காயை மட்டுமே உண்ணும் பிள்ளைக்குக் கேரட் என்றால் என்ன என்று தெரியாமலே போய்விடும். ஒரு காயை எட்டுப் பத்துத் தடவையாவது ருசி பார்த்த பிறகுதான் பல குழந்தைகளுக்கு அது பிடிக்க ஆரம்பிக்கிறது. அதற்கு அந்தக் காய் கண்ணில் பட வேண்டும்.

உன் பிள்ளை இப்போது கோபப்படுவது கேரட்டின் மேல் அல்ல, உன் மேல். ஆறு வயதில் அம்மாவின் கையை நம்பாமல் இட்லியைப் பிய்ப்பது கேரட் சாப்பிடாததைவிடப் பெரிய விஷயம். அவன் கேட்டால், "ஆமாம், கேரட் இருக்கு, பூசணியும் இருக்கு" என்று சொல்லிவிடு. இரண்டு வாரம் லசானியாவைத் தொடமாட்டான். பரவாயில்லை. அடுத்த முறை மாவு தேய்க்க அவனைக் கூப்பிடு. பிழிந்த பாலக்கீரையை அவனே மாவில் போடட்டும்.

நான் செய்யும் அளவு, ஆறு பேருக்கு: 200 கிராம் மாவு, 2 முட்டை, வேகவைத்துப் பிழிந்த பாலக்கீரை ஒரு கைப்பிடி. பிழிவதில் சோம்பல் கூடாது, ஈரம் இருந்தால் மாவு கையோடு வரும். சாஸுக்கு முக்கால் கிலோ தக்காளி, இரண்டு கேரட், ஒரு பெரிய வெங்காயம், 200 கிராம் மஞ்சள் பூசணி. வெங்காயத்தையும் கேரட்டையும் பொடியாக அரிந்து சிறு தீயில் இருபது நிமிடம் வதக்கிய பிறகே மற்றவை. வெள்ளை சாஸில் வெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, வேகவைத்து அரைத்த காலிஃபிளவர் ஒரு கிண்ணம் சேர்த்தால் அதே கெட்டி வரும். சுக்கினி போடுவதானால் துருவி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் அடியில் குளம் கட்டும். மொஸரெல்லா 100 கிராம் மேலே மட்டும் போதும். 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். பதினைந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் அடுக்கு குலையாமல் வரும்.