விருப்பாட்சி மலைவாழை

விருப்பாட்சி மலைவாழை என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் பயிரிடப்படும் வாழை வகையாகும். ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சி என்னும் ஊரால் இப்பெயர் பெற்றது. சிறுமலை வாழை இதற்கு மிக நெருங்கியதாகும். காப்பித் தோட்டங்களில் நிழல் தரும் பயிராகவும் இது நடப்படுகிறது. குலைகள் திண்டுக்கல், வத்தலக்குண்டு சந்தைகளுக்கு இறக்கப்படுகின்றன. சிறுமலையில் இச்சுமையைக் குதிரைகள் சுமந்தன. பழனிப் பஞ்சாமிர்தத்தில் இப்பழம் சிறப்பிடம் பெறுகிறது. 2008-09 இல் இரு வாழைகளும் புவிசார் குறியீடு பெற்றன.

நிறப்புரிகள்

உண்ணும் வாழைகளுள் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா ஆகிய இரு காட்டினங்களின் வழி வந்தவை. முதலாவதன் மரபணுத்தொகுதி 'ஏ' எனவும், இரண்டாவதன் தொகுதி 'பி' எனவும் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் 11 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) உள்ளன. சிம்மண்ட்சு, செப்பர்டு ஆகியோர் 1955 இல் 15 புறப்பண்புகளுக்கு மதிப்பெண் இட்டு வாழைகளை வகைப்படுத்தினர். அம்முறையில் மலைவாழை 'ஏஏபி' ஆகும். அதாவது 33 நிறப்புரிகள் கொண்ட மும்மடியம். இக்குறியீட்டை அப்படியே 22 'ஏ', 11 'பி' எனக் கொள்ளுதல் சரியன்று. இரு தொகுதிகளின் துண்டுகளும் ஒரே நிறப்புரியில் கலந்திருப்பது பல கலப்பு வாழைகளில் பின்னர் கண்டறியப்பட்டது.

மூசா அக்குமினாட்டாவின் மரபணுத்தொகுதி வரிசை 2012 இல் வெளியானது. வாழையின் மூதாதை மரபில் முழுத்தொகுதியும் மும்முறை இரட்டித்துள்ளதை அது காட்டியது. 'பி' தொகுதியின் விரிவான வரிசை 2019 இல் வந்தது.

விதையின்மையும் நோயும்

ஒடுக்கற்பிரிவின்போது நிறப்புரிகள் இரண்டிரண்டாக இணைய வேண்டும். மூன்று தொகுதிகள் இருப்பின் அவை சமமாகப் பிரிய இயலாது. ஆகவே விதை உருவாவது மிக அரிது. கருவுறாமலே கனி பருப்பதால் உண்பவருக்கு இது நன்மையே. உழவருக்கு அவ்வாறன்று. பக்கக்கன்றால் மட்டுமே பெருகும் தோட்டத்தில் எல்லா மரங்களும் ஏறத்தாழ ஒரே மரபணு உடையவை. தாய்மரத்தின் நோயும் கன்றோடு செல்லும்.

முடிக்கொத்து நோய் இவ்வாறே பரவியது. இதன் நச்சுயிரியை வாழை அசுவினி கடத்துகிறது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். இளமையில் தாக்கப்பட்ட மரம் குலை தள்ளாது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைவாழைப் பரப்பு இந்நோயால் பெரிதும் சுருங்கியது. நச்சுயிரி சோதனை செய்யப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளை நடுவதும், நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அழிப்பதும் இன்றைய வழிகளாம். திருச்சிராப்பள்ளியில் 1993 இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் ஈடுபட்டுள்ளன.

தொகுதிக்குள் நச்சுயிரி

திசு வளர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பி' தொகுதியின் நிறப்புரிகளுக்குள் வாழைக் கீற்று நச்சுயிரியின் மரபுத்துண்டுகள் பதிந்திருப்பதை ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் கண்டனர். கலப்பு வாழைகளில் வறட்சி, திசு வளர்ப்பு போன்ற நெருக்கடிகள் இவற்றை எழுப்பக்கூடும். வெளியிலிருந்து தொற்றாமலே செடி நோயுறும் என்பதால், கன்றைத் தூய்மைப்படுத்துவதால் மட்டும் பயனில்லை. 2019 இல் கென்யாவில் 'கோஞ்சா மஞ்சயா' என்னும் வேறோர் 'ஏஏபி' வாழையில் இத்துண்டுகள் மரபணுத் திருத்தத்தால் செயலிழக்கச் செய்யப்பட்டன. நீர்ப்பற்றாக்குறைக்கு உட்படுத்தியபோது திருத்தப்பட்ட செடிகளுள் 75 விழுக்காடு நோய்க்குறி காட்டவில்லை.