கடிக்காத டெம்ப்சிக்கு மரணதண்டனை

பிற்புல் என்ற பெயரைக் கேட்டாலே நாங்கள் இரண்டடி பின்னுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் பெயரில் இருக்கிற 'பிற்' நாயின் குணம் இல்லை, மனிதர் அமைத்த சண்டைக் குழி. இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் விளையாட்டு 1835இல் தடைசெய்யப்பட்டது. பந்தயக்காரர் சும்மா இருப்பார்களா? குழிக்குள் நாயோடு நாயை மோதவிட்டார்கள். அந்தச் சண்டைக்கு புல்டோக்கையும் டெரியரையும் கலந்து பெருக்கிய நாய்களின் வழிவந்ததுதான் பிற்புல்.

1991இல் பிரட்போர்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை பிற்புல் ஒன்று கடித்துக் குதறியது. நாடே கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. பெரிய தாடை கடித்தால் காயமும் பெரிதுதான். அந்த வருடமே உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் ஆபத்தான நாய்கள் சட்டத்தை அவசர அவசரமாகக் கொண்டுவந்தார். பிற்புல், ஜப்பானியத் தோசா, டோகோ ஆர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ என நான்கு வகைகள் தடைக்குள் வந்தன.

சிக்கல் எங்கே எண்டால், நாய் எந்த வகை என்பதை அதன் உடலமைப்பை வைத்தே முடிவெடுத்தார்கள். பிற்புல் என்று குற்றம் சாட்டினால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வளர்ப்பவர். நாய் யாரையாவது கடித்ததா, அதை யார் எப்படிப் பழக்கினார் என்ற கேள்விக்கெல்லாம் அங்கே இடமில்லை.

1992இல் லண்டனில் டெம்ப்சி என்ற பெண் பிற்புல் பிடிபட்டது. சுகமில்லாமல் இருந்ததால், வாந்தி எடுக்கட்டும் என்று வாய்க்கூட்டைக் கழற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் குற்றம். ஒருத்தரையும் கடிக்கவில்லை. நீதிமன்றம் கொல்லச் சொன்னது. சட்டம் வேறு வழி விட்டிருக்கவும் இல்லை. மூன்று வருடம் வழக்காடி 1995இல்தான் டெம்ப்சி தப்பியது. 1997இல் சட்டத்தைத் திருத்தி, கொல்லாமல் விடும் அதிகாரத்தை நீதிபதிகளுக்குக் கொடுத்தார்கள்.

சரி, உண்மையாகவே சண்டைக்கு வளர்த்த நாய் என்றால்? 2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியாக் காணியில் ஐம்பது பிற்புல் வரை மீட்கப்பட்டன. இப்படிப்பட்ட நாய்களை வழமையாகக் கொன்றுவிடுவார்கள். இந்தமுறை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. 22 நாய்கள் யூட்டாவிலுள்ள சரணாலயத்துக்குப் போயின. வேறு சில வீடுகளில் பழகி, பிறகு நோயாளருக்குத் தெம்பூட்டும் நாய்களாகவும் வேலை செய்தன.

2024 பெப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்எல் புல்லி நாயை விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. கருத்தடை, மைக்ரோசிப், காப்புறுதி, வெளியே போனால் வாய்க்கூடு, கழுத்துக்கயிறு எல்லாம் கேட்கிறார்கள். நாயைப் பழக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.