லூயிஸும் கிளார்க்கும் காட்டுக்குக் கொண்டுபோன துப்பாக்கிகள்

கடை கிடையாது. பட்டறை கிடையாது. சரியான வரைபடம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நிலத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நுழைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, உயிருடன் திரும்ப வேண்டும். சாப்பாட்டை வழியிலேயே வேட்டையாடிக்கொள்ள வேண்டும். எதிரே வருவது மானா, கரடியா, மனிதனா என்பது தெரியாது. இந்தப் பயணத்துக்கு எந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்வது? 1803ஆம் ஆண்டில் மெரிவெதர் லூயிஸ் என்ற இளம் ராணுவ கேப்டனின் முன் நின்ற கேள்வி இதுதான்.

பயணத்தின் பின்னணி

அமெரிக்காவின் 3ஆவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சன். மிசௌரி ஆற்றின் வழியாக மேற்கே சென்று பசிபிக் கடலை அடைய வழி உண்டா என்று அறிய அவர் விரும்பினார். அதற்குத் தன் செயலாளராக இருந்த லூயிஸைத் தேர்ந்தெடுத்தார். லூயிஸ் தன் பழைய ராணுவ நண்பர் வில்லியம் கிளார்க்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். அதே 1803இல்தான் அமெரிக்கா 1.5 கோடி டாலர் கொடுத்து பிரான்ஸிடமிருந்து லூசியானா பகுதியை வாங்கியது. காகிதத்தில் நிலம் கைமாறிவிட்டது. ஆனால் அந்த நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடி மக்களை யாரும் கேட்கவில்லை.

மஸ்கட்டா, ரைஃபிளா?

அக்காலத் துப்பாக்கிகள் நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைப் போல வாய்வழியாக மருந்து கெட்டிப்பவை. குழலில் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். விசையை அழுத்தினால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி பறக்கும். அது கிண்ணத்தில் இருக்கும் மருந்தைப் பற்றவைத்து, அந்த நெருப்பு குழலுக்குள் போய் வெடிக்கும். மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடிதான்.

இதில் இரண்டு வகை இருந்தது. ராணுவத்தின் மஸ்கட்டுக்குக் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். சீக்கிரம் கெட்டிக்கலாம், ஆனால் நூறு கெஜத்தைத் தாண்டினால் குறி தவறிவிடும். ரைஃபிளின் குழலுக்குள் திருகு போன்ற பள்ளங்கள் இருக்கும். அதனால் குண்டு சுழன்று நேராகப் போகும். தூரத்தில் நிற்கும் மானையும் அடிக்கலாம், ஆனால் கெட்டிக்க அதிக நேரம் ஆகும். வரிசையாக நின்று போர் செய்பவனுக்கு மஸ்கட் போதும். ஒரே குண்டில் இரவுச் சாப்பாட்டைத் தேட வேண்டியவனுக்கு ரைஃபிள்தான் வேண்டும்.

லூயிஸ் 1803 மார்ச்சில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலைக்குச் சென்று 15 ரைஃபிள்களைத் தயார் செய்யச் சொன்னார். அவை 1792 வகையைச் சேர்ந்த பழைய ரைஃபிள்களைச் சீராக்கியவையா, அல்லது 1803 மாடலின் முன்மாதிரிகளா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். படையில் சேர்ந்த வீரர்கள் பலர் தங்கள் மஸ்கட்டுகளோடு வந்தனர். படகுகளில் ஒரு சிறு பீரங்கியும் அகன்ற வாய்த் துப்பாக்கிகளும் பொருத்தப்பட்டன.

உதிரி பாகமும் ஈயக் குப்பியும்

லூயிஸின் புத்திசாலித்தனம் துப்பாக்கிகளோடு சேர்த்து அவர் வாங்கிய பொருட்களில்தான் தெரிகிறது. ரைஃபிள்களுக்கு உதிரி விசைப்பூட்டுகள், அவற்றைப் பழுதுபார்க்கும் கருவிகள், குண்டு வார்க்கும் அச்சுகள் ஆகியவற்றையும் அவர் எடுத்துக்கொண்டார். குழுவில் ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் இருந்தார். 1806 மார்ச்சில் லூயிஸ் தன் குறிப்பேட்டில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உதிரி பாகங்களும் ஷீல்ட்ஸின் கைத்திறனும் இல்லாவிட்டால் பெரும்பாலான துப்பாக்கிகள் அதற்குள் பயனற்றுப் போயிருக்கும் என்பது அதன் சாரம்.

இன்னொன்று வெடிமருந்து. மரப்பீப்பாயில் வைத்தால் ஆற்றில் நனைந்துவிடும். எனவே 52 ஈயக் குப்பிகள் செய்யப்பட்டன. ஒரு குப்பியில் 4 பவுண்டு மருந்து இருக்கும், குப்பியின் எடை 8 பவுண்டு ஈயம். மருந்தை எடுத்தபின் குப்பியை உருக்கினால் அந்த மருந்துக்கு வேண்டிய குண்டுகள் கிடைத்துவிடும்! 1806 பிப்ரவரியில் பசிபிக் கரையோரக் கிளாட்சாப் கோட்டையில் மீதமிருந்த குப்பிகளைத் திறந்து பார்த்தார்கள். பலமுறை ஆற்று நீரில் கிடந்திருந்தும், சேதமடைந்த சிலவற்றைத் தவிர மற்றவற்றில் மருந்து உலர்ந்தே இருந்தது. அந்த நேரத்தில் பண்டமாற்றுக்கு மிஞ்சியிருந்த சிறு பொருட்கள் இரண்டு கைக்குட்டைக்குள் அடங்கிவிடும் அளவுதான். வீடு திரும்ப அவர்களுக்கு இருந்த பெரிய நம்பிக்கை அந்த மருந்துதான்.

வயிற்றுக்கு எவ்வளவு?

குழுவுக்கு ஒரு நாளைக்கு 4 மான், அல்லது ஒரு எல்க் மானும் ஒரு சாதாரண மானும், அல்லது ஒரு காட்டெருமை தேவைப்பட்டதாக லூயிஸ் 1805 ஜூலையில் எழுதினார். இந்தச் சுமையைப் பெரிதும் தாங்கியவர் ஜார்ஜ் டுரூயார். இவருடைய தாய் ஷானி பூர்வகுடியைச் சேர்ந்தவர். கிளாட்சாப் கோட்டைக் குளிர்காலத்தில் மட்டும் 131 எல்க் மான்களும் 20 மான்களும் வேட்டையாடப்பட்டதாக சார்ஜன்ட் பேட்ரிக் காஸ் கணக்கு எழுதி வைத்தார்.

ஆனால் விலங்கே இல்லாத இடத்தில் எந்தத் துப்பாக்கியும் சோறு போடாது. 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலையைக் கடந்தபோது அவர்கள் தங்கள் குதிரைக் குட்டிகளையே கொன்று தின்ன நேர்ந்தது.

கரடி கற்பித்த பாடம்

கிரிஸ்லி கரடியைப் பற்றி மண்டான் பகுதி மக்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். 1805 ஏப்ரல் 29இல் லூயிஸ் முதல் கரடியைக் கொன்றார். அது முழு வளர்ச்சி அடையாதது. வில்லும் மட்டமான துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் இதற்குப் பயப்படலாம், தேர்ந்த ரைஃபிள்காரனுக்கு இது அவ்வளவு பெரிய ஆபத்து அல்ல என்ற பொருள்பட அன்று எழுதினார்.

ஒரே வாரத்தில் அந்த எண்ணம் மாறியது. மே 5ஆம் தேதி கிளார்க்கும் டுரூயாரும் சுட்ட கரடியின் உடலில் 10 குண்டுகள் பாய்ந்திருந்தன. அவற்றில் 5 நுரையீரலைத் துளைத்தவை. அப்படியும் அது ஆற்றில் பாதி தூரம் நீந்தி, மணல் திட்டில் ஏறி, 20 நிமிடம் கழித்துத்தான் இறந்தது. மே 14ஆம் தேதி ஆறு வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு கரடியை நெருங்கினார்கள். நான்கு பேர் சுட, இருவர் கெட்டித்த துப்பாக்கியுடன் காத்திருந்தார்கள். நான்கு குண்டும் பட்டும் கரடி பாய்ந்து வந்தது. காத்திருந்த இருவரும் சுட்டும் அது நிற்கவில்லை. இரண்டு பேர் துப்பாக்கியை வீசிவிட்டு 20 அடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தார்கள். கரடியும் பின்னாலேயே குதித்தது. கரையில் இருந்த ஒருவர் தலையில் சுட்ட பிறகே அது அடங்கியது.

காரணம் எளிது. சுமார் அரை அங்குலக் குறுக்களவு உள்ள அந்த உருண்டைக் குண்டு மானுக்குப் போதும். தடித்த தசையும் எலும்பும் கொண்ட கரடியை அந்த இடத்திலேயே நிறுத்த அதற்கு வேகமும் எடையும் போதாது. அடுத்த குண்டைக் கெட்டிக்கக் கரடி அவகாசம் தராது.

ஜூன் 14ஆம் தேதி லூயிஸுக்கே அந்த நிலை வந்தது. ஒரு காட்டெருமையைச் சுட்டுவிட்டு, உடனே மறுபடி கெட்டிக்க மறந்து நின்றார். 20 எட்டுத் தூரத்துக்குள் ஒரு கரடி வந்துவிட்டது. ஓடிப்போய் இடுப்பளவு நீரில் நின்று, கையிலிருந்த ஈட்டியை நீட்டினார். ஏனோ கரடி திரும்பி ஓடிவிட்டது. சுட்டவுடன் கெட்டிக்காமல் இனி இருக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தார்.

சத்தமில்லாத அதிசயம்

லூயிஸிடம் ஒரு காற்றுத் துப்பாக்கியும் இருந்தது. ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்திய, அடுத்தடுத்து 22 முறை சுடக்கூடிய ஜிரான்டோனி வகை அது என்று பலர் கருதுகிறார்கள். அதில் மருந்தும் இல்லை, புகையும் இல்லை. கையால் காற்றடித்து நிரப்ப வேண்டும். எளிதில் பழுதாகும். எனவே வேட்டைக்கு நம்பியது ரைஃபிளைத்தான். வழியில் சந்தித்த மக்களுக்குக் காட்டி வியக்கவைக்கத்தான் காற்றுத் துப்பாக்கி பெரிதும் பயன்பட்டது.

துப்பாக்கி இல்லாதவர்கள்

ஷோஷோனி மக்களிடம் துப்பாக்கி மிகக் குறைவு. வணிகர்களிடம் துப்பாக்கி வாங்கிய எதிரிகளுக்குப் பயந்து அவர்கள் மலைக்குள் ஒதுங்கிப் பசியோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய தலைவர் கமேயாவெய்ட் இதைச் சொல்லி வருந்தினார். அமெரிக்க வணிகர்கள் வந்தால் துப்பாக்கி கிடைக்கும் என்று லூயிஸ் நம்பிக்கை கொடுத்தார்.

ஒருவருக்குப் பாதுகாப்பாகத் தெரிவது மற்றவருக்கு அச்சுறுத்தல் அல்லவா? 1806 ஜூலையில் லூயிஸும் மூன்று பேரும் பிளாக்ஃபீட் இளைஞர்கள் எட்டுப் பேரைச் சந்தித்தார்கள். பகைக் குலங்களுடன் அமெரிக்கர்கள் வணிகம் செய்யப்போவதை லூயிஸ் அவர்களிடம் சொன்னார். 27ஆம் தேதி விடியற்காலையில் அவர்கள் துப்பாக்கிகளைப் பறிக்க முயன்றார்கள். சண்டையில் ஒருவர் கத்திக்குத்தில் இறந்தார். இன்னொருவரை லூயிஸ் சுட்டார். பதிலுக்கு வந்த குண்டின் காற்று தன் தலையில் பட்டதாக லூயிஸ் எழுதினார். குண்டுப்பை கையில் இல்லாததால் அவரால் மறுபடி கெட்டிக்க முடியவில்லை. பயணம் முழுவதிலும் பூர்வகுடி மக்களின் உயிரைப் பறித்த மோதல் இது ஒன்றுதான்.

சொந்தக் குண்டு

கடைசிப் பாடம் 1806 ஆகஸ்ட் 11இல் வந்தது. புதருக்குள் எல்க் வேட்டையாடும்போது லூயிஸின் பின்தொடையை ஒரு குண்டு துளைத்தது. எதிரிகள் சுட்டதாக அவர் நினைத்தார். ஆனால் உடையில் சிக்கியிருந்த குண்டு அவர்களுடைய குட்டை ரைஃபிளுக்கு உரியது. கூட வந்த பியர் குரூசாட்டுக்கு ஒரு கண் தெரியாது, மறு கண்ணும் மங்கல். தோல் உடை அணிந்த லூயிஸை எல்க் என்று நினைத்து அவர் சுட்டிருக்க வேண்டும்.

1806 செப்டம்பர் 23ஆம் தேதி குழு செயின்ட் லூயிஸ் திரும்பியது. வழியில் இறந்தவர் சார்ஜன்ட் சார்லஸ் ஃபிளாய்டு ஒருவர் மட்டுமே. அதற்கும் காரணம் கரடியோ குண்டோ அல்ல, வயிற்று நோய்.

எது சிறந்த துப்பாக்கி என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. அவர்கள் கொண்டுபோனது கரடியை நிறுத்தும் துப்பாக்கி அல்ல. ஆனால் அதைப் பழுதுபார்க்க ஆள் இருந்தார், உதிரி பாகம் இருந்தது, மருந்து நனையாமல் இருந்தது. குறைந்த இடத்தை ஆறு பேர் சேர்ந்து நின்று ஈடுகட்டினார்கள். கெட்டிக்க மறந்த ஒரு நிமிடத்தையும் மங்கிய ஒரு கண்ணையும் மட்டும் எந்த ஆயுதச் சாலையாலும் ஈடுகட்ட முடியவில்லை.